கம்பெனிகளுக்கு ஆன்லைனில் கார்பன் கிரெடிட் வாங்கித் தரும் மாணவர் தொழில்: தொடங்க நினைப்பவர்களுக்கு

2004ஆம் ஆண்டு. அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் வணிகப் பள்ளியில், பேராசிரியர் கார்ல் உல்ரிக் தன் வகுப்பு மாணவர்கள் 41 பேரோடு சேர்ந்து ஒரு சின்ன கம்பெனியைத் தொடங்கினார். பெயர் டெர்ராபாஸ். கார் வைத்திருப்பவர் இணையதளத்துக்குப் போய்த் தன் காரின் வகையைச் சொல்ல வேண்டும். அது ஆண்டுக்குக் கக்கும் கரியமில வாயுவுக்கு ஈடுகட்ட எத்தனை டாலர் ஆகும் என்று தளம் கணக்குக் காட்டும். பணத்தைக் கட்டினால் வண்டியில் ஒட்டிக்கொள்ள ஒரு ஸ்டிக்கர் வரும். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் ஃபோர்டும் எக்ஸ்பீடியாவும் அதோடு கூட்டுச் சேர்ந்தன. வகுப்புப் பாடமாகத் தொடங்கியது உண்மையான வியாபாரமாகிவிட்டது.

2007 ஆஸ்கர் விழாவில் மேடையேறிய கலைஞர்களுக்கு டெர்ராபாஸின் ஆஃப்செட், அதாவது புகைக்கு ஈடுகட்டும் கார்பன் கிரெடிட், பரிசாகக் கொடுக்கப்பட்டது. அடுத்த மாதமே ஒரு வணிக இதழ், இந்த கிரெடிட்கள் எங்கிருந்து வருகின்றன என்று தேடிக்கொண்டு ஆர்கன்ஸா மாநிலத்தின் ஒரு குப்பைமேட்டுக்குப் போனது. அங்கே குப்பை அழுகும்போது கிளம்பும், கரியமில வாயுவைவிடப் பல மடங்கு சூடாக்கும் மீத்தேனைப் பிடித்து எரிக்கும் ஏற்பாடு, கார்பன் காசு வருவதற்கு முன்பே வேறு காரணங்களுக்காக வந்துவிட்டது என்று தெரிந்தது. அந்தப் பணம் வராவிட்டாலும் வாயு எரிந்திருக்கும் என்றால், பணம் கட்டியவர் எதை வாங்கினார்?

இன்று இதே தொழிலில் இறங்க நினைக்கும் மாணவர்கள் பெரும்பாலும் இணையதளத்தில்தான் தொடங்குகிறார்கள். அழகான கால்குலேட்டர், பணம் கட்டும் பட்டன், பச்சை நிறச் சான்றிதழ். அதெல்லாம் ஒரு வாரத்தில் முடிகிற வேலை. நீங்கள் உண்மையில் விற்கப்போவது காகிதம் படிக்கும் உழைப்பு. கம்பெனிக்காரருக்கு ஒரு கிரெடிட் திட்டத்தின் முந்நூறு பக்க ஆவணத்தைப் படிக்க நேரமில்லை, உங்களுக்கு இருக்கிறது. இந்தத் தொழிலில் மாணவருக்கு உள்ள ஒரே பலமும் அதுதான் என்பது என் கட்சி. கீழே வரும் படிகளை அதை மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.

முதலில் ஒரு டன் நீங்களே வாங்குங்கள்

ஒரு கார்பன் கிரெடிட் என்பது ஒரு டன் கரியமில வாயுவை, அல்லது அதற்குச் சமமான வேறு வாயுவை, குறைத்ததாகவோ உறிஞ்சியதாகவோ ஒரு பதிவேடு ஒப்புக்கொண்டதற்கான அத்தாட்சி. இந்தப் பதிவேடுகளுக்கு ரிஜிஸ்ட்ரி என்று பெயர். வெர்ரா, கோல்டு ஸ்டாண்டர்டு, அமெரிக்கன் கார்பன் ரிஜிஸ்ட்ரி, கிளைமேட் ஆக்‌ஷன் ரிசர்வ் ஆகியவை பெரியவை. ஒவ்வொரு கிரெடிட்டுக்கும் வரிசை எண் உண்டு. எந்தத் திட்டம், எந்த நாடு, எந்த ஆண்டில் குறைத்தது என்பதையெல்லாம் அந்த எண்ணை வைத்துப் பிடித்துவிடலாம்.

வாங்குவதோடு வேலை முடிவதில்லை. கிரெடிட்டை ரிடையர் செய்ய வேண்டும். தியேட்டர் வாசலில் டிக்கெட்டைக் கிழித்துவிட்டால் அதை வைத்து இன்னொருவர் உள்ளே போக முடியாது. ரிடையர் செய்வதும் அப்படித்தான். ரிடையர் ஆகாத கிரெடிட்டை வைத்துக்கொண்டு "ஈடுகட்டிவிட்டோம்" என்று ஒரு கம்பெனி சொல்லிக்கொள்ள வழியில்லை. அதை நாளைக்கே வேறு ஒருவருக்கு விற்றுவிடலாம் அல்லவா.

கோல்டு ஸ்டாண்டர்டின் சொந்தச் சந்தைத் தளத்தில் தனிநபரும் கார்டு போட்டு ஒரு டன் வாங்க முடியும். குழுவில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒன்று வாங்குங்கள். பிறகு அந்த ரிடையர்மென்ட் பதிவைப் பொதுப் பதிவேட்டில் தேடிக் கண்டுபிடியுங்கள். யார் பெயரில் ரிடையர் ஆகியிருக்கிறது, காரணம் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது, வரிசை எண் எப்படி இருக்கிறது என்று உற்றுப் பாருங்கள். வெர்ராவின் பதிவேட்டையும் கணக்குத் தொடங்காமலே தேடிப் பார்க்கலாம். உங்களுக்குத் தெரிந்த ஏதாவது பெரிய நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். விளம்பரத்தில் ஒன்று சொல்லியிருப்பார்கள், பதிவேட்டில் வேறு ஒன்று இருக்கும். ஒரு மாலை நேரம் போவதே தெரியாது.

யாருக்கு விற்கப்போகிறீர்கள்

தனிநபர்களை நம்பி இறங்காதீர்கள். 2019இல் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கிய ரென் என்ற நிறுவனம் மாதச் சந்தா வாங்கி அதைச் செய்துகாட்டியது உண்மைதான். ஆனால் அது அமெரிக்கச் சம்பளக்காரரின் மாதச் செலவுக் கணக்கில் உட்காரும் விஷயம். நம் ஊரில் தன் ஸ்கூட்டர் புகைக்கு மாதாமாதம் பணம் கட்டும் ஆளைத் தேடி அலுத்துவிடுவீர்கள்.

பெரிய கம்பெனிகளும் உங்களுக்கு வேண்டாம். அவர்களுக்கு ஆலோசனை நிறுவனங்கள் இருக்கின்றன. உங்கள் வாடிக்கையாளர் நடுவில் இருப்பவர்: பெரிய கம்பெனிக்கு சரக்கோ சேவையோ கொடுக்கும் சின்ன கம்பெனி. இந்தியாவில் பங்குச் சந்தையில் முன்னிலையில் உள்ள 1000 நிறுவனங்கள் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் பிஆர்எஸ்ஆர் என்ற சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு அறிக்கையை 2022-23 நிதியாண்டு முதல் கட்டாயமாகத் தர வேண்டும். அவர்கள் தங்கள் சப்ளையர்களுக்கு ஒரு எக்செல் ஷீட்டை அனுப்பி "உங்கள் எமிஷன் எவ்வளவு?" என்று, அதாவது எவ்வளவு கரியமில வாயு வெளிவிடுகிறீர்கள் என்று, கேட்கத் தொடங்கிவிட்டார்கள். திருப்பூரில் ஐரோப்பிய பையருக்குத் தைத்துக் கொடுப்பவருக்கும், சென்னையில் வெளிநாட்டு வங்கிக்கு மென்பொருள் வேலை செய்து கொடுக்கும் எண்பது பேர் கம்பெனிக்கும் இதே கேள்விதான் வருகிறது. அந்த ஷீட்டை நிரப்பத் தெரியாமல் ஆடிட்டரிடம் தள்ளிவிடுவார்கள். ஆடிட்டருக்கும் தெரியாது. அங்கேதான் நீங்கள் நுழைய வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. வாடிக்கையாளர் எதற்காகக் கேட்கிறார் என்று முதல் சந்திப்பிலேயே தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். சில தேவைகளுக்கு நீங்கள் விற்கும் கிரெடிட் செல்லவே செல்லாது. இரும்பு, எஃகு, அலுமினியப் பொருள்களை ஐரோப்பாவுக்கு அனுப்புபவருக்கு அங்கே சிபாம் என்ற கார்பன் எல்லை வரி இருக்கிறது. 2026 ஜனவரி முதல் அது முழுமையாக நடப்புக்கு வந்துவிட்டது. சட்டக் கட்டாயம் இல்லாமல் விருப்பப்பட்டு வாங்கும் தன்னார்வச் சந்தையின் கிரெடிட்டைக் காட்டி அதைக் குறைக்க முடியாது. அதேபோல் இந்திய அரசு 2023இல் அறிவித்த கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டம் தனி. அதன்படி அலுமினியம், சிமென்ட், குளோர்-ஆல்கலி, காகித ஆலைகளுக்கு 2025 அக்டோபரில் இலக்குகள் வந்தன. அந்த இலக்கை எட்ட அந்தத் திட்டத்தின் கிரெடிட்தான் வேண்டும். வெர்ராவில் வாங்கியதைக் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது. கம்பெனிகளின் உமிழ்வுக் குறைப்பு இலக்குகளைச் சரிபார்க்கும் எஸ்பிடிஐ என்ற அமைப்பிடம் இலக்கு வைத்துக்கொண்ட நிறுவனமும் ஆஃப்செட்டைத் தன் குறைப்புக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இது தெரியாமல் விற்றுவிட்டு, ஆறு மாதம் கழித்து "இது செல்லாதாமே" என்று போன் வந்தால் அந்த வாடிக்கையாளரும் போனார், அவர் சொல்லி வரவேண்டிய நாலு பேரும் போனார்கள்.

கணக்கெடுப்பு

சர்வதேசக் கணக்கு முறை ஜிஎச்ஜி புரோட்டோகால். அதில் மூன்று வட்டங்கள். கம்பெனியே எரிப்பதும் கசியவிடுவதும் ஸ்கோப் 1. வெளியிலிருந்து வாங்கும் மின்சாரம் ஸ்கோப் 2. சரக்குப் போக்குவரத்து, விமானப் பயணம், வாங்கும் மூலப்பொருள் போன்ற மீதி எல்லாம் ஸ்கோப் 3. முதல் வாடிக்கையாளருக்கு 1, 2 இரண்டையும் ஒழுங்காகப் போடுங்கள். ஸ்கோப் 3இல் விமானப் பயணம், லாரி வாடகை என்று ரசீது உள்ளதை மட்டும் எடுங்கள். மீதியை "எடுக்கவில்லை" என்று எழுதிவிடுங்கள். ஊகித்து எண் போடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

ஓர் அலுவலகத்தை வைத்துப் பார்ப்போம். ஆண்டுக்கு 1,20,000 யூனிட் மின்சாரம் என்று வைத்துக்கொள்வோம். இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு கரியமில வாயு என்பதை மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. சமீப ஆண்டுகளில் அது 0.7 கிலோவைச் சுற்றியே இருக்கிறது. 0.72 என்று எடுத்தால் 86.4 டன். ஜெனரேட்டருக்கு 6,000 லிட்டர் டீசல்: லிட்டருக்கு 2.68 கிலோ வீதம் 16 டன். கேன்டீனில் 19 கிலோ சிலிண்டர் 60 எரிந்தால், கிலோவுக்கு சுமார் 3 கிலோ வீதம் 3.4 டன்.

எல்லாரும் விட்டுவிடுவது ஏசி கேஸ். ஆண்டில் 5 கிலோ ஆர்-410ஏ நிரப்பியிருந்தால், அவ்வளவும் காற்றில் கசிந்து போனது என்று பொருள். அந்த வாயு கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 2,000 மடங்கு சூடாக்கும். ஐந்து கிலோவுக்கே 10 டன்னுக்கு மேல். ஆண்டு முழுக்கக் கேன்டீன் அடுப்பு எரிந்ததைவிட மூன்று மடங்கு! இதற்குப் பில் எங்கே என்று கேட்டால் அக்கவுன்ட்ஸில் "ஏசி சர்வீஸ்" என்று ஒரே வரியில் ஒரு தொகை இருக்கும், கிலோ இருக்காது. ஏசி மெக்கானிக்கிடம் நேராகப் பேசுங்கள். "அண்ணே, போன வருஷம் இந்த பில்டிங்குக்கு எத்தனை சிலிண்டர் கேஸ் ஏத்துனீங்க, எந்த கேஸ்?" என்று கேட்டால் அவர் நோட்டைப் பார்த்துச் சொல்லிவிடுவார். அந்தக் குறிப்பைத் தேதியோடு எழுதி, அவரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.

மொத்தம் 116 டன் சொச்சம்.

ஈபி பில் படிப்பதில் தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. மில்கள் பலவும் சொந்தக் காற்றாலை வைத்திருக்கின்றன. அங்கே உற்பத்தியாகும் யூனிட் பில்லில் கழிந்து வரும். "எங்களுக்குப் பாதி கரண்ட் காத்தாடியிலேர்ந்துதான் தம்பி, அதுக்கு எமிஷன் பூஜ்யம் போடு" என்பார் முதலாளி. போடும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: அந்தக் காற்றாலையின் பேரில் கார்பன் கிரெடிட்டோ, ஆர்இசி என்ற பசுமை மின் சான்றிதழோ ஏற்கெனவே விற்றாயிற்றா? சங்கங்கள் மூலமாகப் பல மில்களின் காற்றாலைகளை ஒன்றாகச் சேர்த்து ஐநாவின் கார்பன் கிரெடிட் திட்டத்தில் பதிவு செய்த காலம் ஒன்று இருந்தது. முதலாளிக்கே அது நினைவில் இருக்காது. விற்றிருந்தால் அந்தப் பசுமை வாங்கியவருடையது. இவர் மறுபடி உரிமை கொண்டாட முடியாது.

கணக்கை முடித்ததும் கிரெடிட் பற்றிப் பேசாதீர்கள். முதலில் குறைக்க வழி சொல்லுங்கள். கேஸ் கசியும் ஏசியைச் சரிசெய்வதற்கு ஆகும் செலவு, பத்து டன் நல்ல கிரெடிட் வாங்கும் செலவைவிடக் குறைவாகவே இருக்கலாம். மாடியில் சோலார் போட இடமிருக்கிறதா, ஜெனரேட்டர் சும்மா ஓடுகிறதா என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். அவர் அதைச் செய்துவிட்டால் உங்களிடம் வாங்கும் டன் குறையும். குறையட்டும். அந்த ஒரு பக்கத்தைப் பார்த்துத்தான் அவர் உங்களை நம்புவார்.

எந்த கிரெடிட்டை வாங்குவது

தொழிலின் உயிர் இங்கே இருக்கிறது. அவசரப்படாதீர்கள்.

ஒவ்வொரு திட்டத்திடமும் நான்கு விஷயங்களைக் கேட்க வேண்டும். கிரெடிட் பணம் வராவிட்டாலும் இது நடந்திருக்குமா? குறைத்தது குறைந்தபடியே நிலைக்குமா? ஓரிடத்தில் தடுத்தது பக்கத்து ஊருக்குத் தாவிவிட்டதா? இதே டன்னை வேறு யாராவது கணக்குக் காட்டுகிறார்களா? நாலில் முதல் கேள்விதான் டெர்ராபாஸை மாட்டிவிட்டது. பெரும்பாலான திட்டங்கள் விழுவதும் அங்கேதான்.

நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கம் நிற்கும் காற்றாலைகள் போன்ற இந்தியக் காற்றாலைகளின் பழைய கிரெடிட்கள் சந்தையில் மிக மலிவாகக் கிடைக்கும். "இந்தியத் திட்டம், சுத்தமான மின்சாரம், டன் ஒரு டாலர்" என்று தரகர் அனுப்பும் மின்னஞ்சலைப் பார்த்தால் கை பரபரக்கும். ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். டன் ஒரு டாலர் என்றால், 0.7 கிலோ தவிர்க்கும் ஒரு யூனிட் மின்சாரத்துக்குக் கிரெடிட் மூலம் கிடைப்பது ஆறேழு பைசா. அந்த யூனிட்டை விற்றால் சில ரூபாய் வரும். யாராவது ஆறு பைசாவை நம்பிக் கோடிக்கணக்கில் கடன் வாங்கிக் காற்றாலை நிறுத்துவார்களா? அது எப்படியும் வந்திருக்கும். இந்த நியாயத்தால்தான் 2020இலிருந்து, மிகவும் பின்தங்கிய நாடுகளைத் தவிர மற்ற இடங்களில் மின்தொகுப்போடு இணைந்த புதிய காற்றாலை, சோலார் திட்டங்களை வெர்ரா ஏற்பதில்லை. சந்தையின் தரத்தைக் கவனிக்கும் ஐசிவிசிஎம் என்ற அமைப்பும், நடப்பில் இருந்த புதுப்பிக்கத்தக்க மின்சார முறைகளுக்குத் தன் தர முத்திரை கிடையாது என்று 2024 ஆகஸ்டில் அறிவித்தது. காற்றாலை நல்லதுதான். அதன் கிரெடிட்தான் காலாவதியான சரக்கு.

காடுகளுக்கு வருவோம். விலை அதிகம், படம் அழகு. வாடிக்கையாளர் ஆசைப்படுவதும் இதற்குத்தான். "காடு அழிந்திருக்கும், நாங்கள் தடுத்தோம்" என்ற வகைத் திட்டத்தில் எல்லாமே ஓர் ஊகத்தின் மீது நிற்கிறது: நாங்கள் இல்லாவிட்டால் எவ்வளவு அழிந்திருக்கும்? 2023 ஜனவரியில் கார்டியன், டீ ட்ஸைட் உள்ளிட்ட பத்திரிகைகள் சேர்ந்து விசாரித்து, வெர்ராவின் மழைக்காட்டு கிரெடிட்களில் 90 சதவீதத்துக்கு மேல் உண்மையான குறைப்பைக் காட்டாதவை என்று எழுதின. வெர்ரா அதை மறுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் சயன்ஸ் ஆய்விதழில் வந்த கட்டுரை 26 திட்டங்களை எடுத்துப் பார்த்து, எதிர்பார்த்த கிரெடிட்களில் சுமார் 6 சதவீதத்துக்கு மட்டுமே உண்மையான கூடுதல் குறைப்பு இருப்பதாகக் கணித்தது. ஜிம்பாப்வேயின் கரிபா காடு காக்கும் திட்டத்தின் கிரெடிட்களை விற்றுவந்த சவுத் போல் நிறுவனம், கிரெடிட் அளவுக்கு மீறிக் கொடுக்கப்பட்டது என்ற புகார்களுக்குப் பிறகு, அந்த அக்டோபரில் அதிலிருந்து விலகியது. மரங்களை நம்பியிருக்கும் எல்லாத் திட்டங்களுக்கும் இன்னொரு கவலை: தீ. 2021இல் அமெரிக்காவின் ஆரெகனில் பூட்லெக் காட்டுத்தீ, பெரிய கம்பெனிகள் கிரெடிட் வாங்கியிருந்த காட்டின் ஒரு பகுதியைத் தின்றுவிட்டது. இதற்கென்று ஒரு பங்கு கிரெடிட்டை ஒதுக்கிவைக்கும் பொதுச் சேமிப்பு உண்டு. அது போதுமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

விறகு மிச்சமாகும் அடுப்பு கொடுக்கும் திட்டங்களும் உங்கள் கண்ணில் நிறையப் படும். மனதுக்கு நெருக்கமான திட்டம். ஆனால் 2024இல் நேச்சர் சஸ்டெய்னபிலிட்டியில் வந்த ஆய்வு, அந்த மாதிரித் திட்டங்களில் ஏறத்தாழ ஒன்பது மடங்கு அதிகமாகக் கிரெடிட் கொடுத்திருப்பதாகச் சொன்னது. அடுப்பு கொடுத்த வீட்டில் பழைய அடுப்பும் சேர்ந்தே எரிகிறது என்பதைக் கணக்கில் ஒழுங்காகப் பிடிக்கவில்லை என்பது முக்கியக் காரணங்களில் ஒன்று. நம் வீடுகளில் கேஸ் வந்த பிறகும் வெந்நீருக்கு விறகு எரிந்ததைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றுமில்லை.

அப்படியென்றால் எதைத்தான் வாங்குவது? குப்பைமேட்டு மீத்தேனை எரிப்பது, பழைய குளிர்சாதன வாயுக்களை அழிப்பது ஆகியவற்றின் சில முறைகளுக்கு ஐசிவிசிஎம் 2024 ஜூனிலேயே முத்திரை கொடுத்துவிட்டது. வாயுவை எரித்தால் போனது போனதுதான். திரும்பி வராது, அளக்கவும் முடியும். குப்பைமேட்டில் மட்டும் அந்த நாட்டில் எரிக்கச் சட்டம் கட்டாயப்படுத்துகிறதா என்று பாருங்கள். கட்டாயம் என்றால் ஆர்கன்ஸா கதைதான். வேளாண் கழிவைக் கரியாக்கி மண்ணில் இடும் பயோசார் நெடுங்காலம் நிற்கும். டன் நூறு டாலருக்கும் மேலே போகும். 116 டன்னுக்கும் அது கட்டுப்படியாகாத கம்பெனிக்கு, பத்து டன் பயோசாரும் மீதிக்கு மீத்தேனும் என்று கலந்து கொடுங்கள். இன்னும் கட்டுப்படியாகாவிட்டால் குறைவான டன்னே வாங்கச் சொல்லுங்கள். மோசமான 116ஐவிட நல்ல 40 மேல்.

முந்நூறு பக்கத்தைப் படிக்கும் முறை

ஒவ்வொரு திட்டத்துக்கும் பதிவேட்டில் மூன்று வகைக் காகிதங்கள் இருக்கும்: திட்ட விவர ஆவணம், கண்காணிப்பு அறிக்கை, தணிக்கை அறிக்கை. முதல் பக்கத்திலிருந்து படிக்க உட்கார்ந்தால் தூக்கம்தான் வரும். நேராகத் தணிக்கை அறிக்கையின் பின்னிணைப்புக்குப் போங்கள். தணிக்கையாளர் என்னென்ன கேட்டார், திட்டக்காரர் என்ன பதில் சொன்னார் என்று அட்டவணையே இருக்கும். "மீட்டர் அளவுகள் மூன்று மாதத்துக்கு இல்லை, ஏன்?" போன்ற கேள்விகள் அங்கேதான் மறைந்து கிடக்கின்றன. பதில் மழுப்பலாக இருந்து கேள்வி மட்டும் முடித்துவைக்கப்பட்டிருந்தால் அந்தத் திட்டத்தை ஒதுக்குங்கள்.

பிறகு திட்ட விவர ஆவணத்தில் தொடங்கிய தேதியைப் பாருங்கள். வேலை தொடங்கிப் பல ஆண்டு கழித்துத்தான் கிரெடிட் யோசனையே வந்தது என்றால் சந்தேகப்படுங்கள். கிரெடிட் வருமானம் இல்லாமல் லாப விகிதம் எவ்வளவு, இருந்தால் எவ்வளவு என்ற அட்டவணையைத் தேடுங்கள். இரண்டுக்கும் நூலிழை வித்தியாசம்தான் என்றால், காற்றாலைக்குப் போட்ட ஆறு பைசாக் கணக்கு இங்கேயும் பொருந்தும்.

கண்காணிப்பு அறிக்கையில் ஒரே ஒரு எண்ணை எடுத்து நீங்களே திரும்பக் கணக்குப் போடுங்கள். கடைசியாக, திட்டத்தின் பெயரைச் செய்தித் தளங்களில் தேடுங்கள். உள்ளூர் மக்களை வெளியேற்றிய புகார் இருக்கிறதா என்று பாருங்கள்.

படித்ததை இரண்டு பக்கக் குறிப்பாக எழுதுங்கள், பலவீனங்களையும் சேர்த்து. வாடிக்கையாளர் கையில் கொடுக்க வேண்டிய சரக்கு இதுதான்.

வாங்குவதும் கூலி கேட்பதும்

பதிவேட்டில் சொந்தக் கணக்குத் தொடங்க அடையாளச் சோதனை, கட்டணம் எல்லாம் உண்டு. தொடக்கத்தில் தேவையில்லை. ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் விற்பனையாளரிடம் வாங்கி, வாடிக்கையாளர் பெயரிலேயே நேரடியாக ரிடையர் செய்யச் சொல்லலாம். இணையதளத்தோடு இணைக்க வேண்டுமென்றால் பேட்ச், குளோவர்லி போன்றவை அதற்கென்றே மென்பொருள் இணைப்புத் தருகின்றன. எதுவானாலும் ஒன்றில் கறாராக இருங்கள்: கிரெடிட்டை வாங்கி உங்கள் கையில் இருப்பு வைக்காதீர்கள். விலை விழுந்தால் உங்கள் நஷ்டம், திட்டத்தின் பெயர் கெட்டால் உங்கள் தலைவலி. வாடிக்கையாளரிடம் பணம் வந்த பிறகே ஆர்டர்.

கமிஷனில் பிழைக்க நினைக்காதீர்கள். 116 டன், டன் பத்து டாலர் என்றால் மொத்தமே ஒரு லட்சம் ரூபாய்ப் பக்கம்தான். பத்து சதவீதம் எடுத்தால் பத்தாயிரம். கணக்கெடுப்பு, ஆவணம் படித்தல், அறிக்கை எல்லாவற்றுக்கும் அந்தப் பத்தாயிரம் காணாது. கமிஷன் என்றாலே அதிக டன் விற்கத் தோன்றும். ஏசியைச் சரிசெய்யச் சொல்ல வாய் வராது. வேலைக்கு ஒரு தொகை என்று பேசிக்கொள்ளுங்கள். கிரெடிட்டின் அடக்க விலையைப் பில்லில் தனி வரியில் காட்டுங்கள்.

ஜிஎஸ்டி, வெளிநாட்டுக்கு டாலர் அனுப்புவது ஆகிய இரண்டையும் முதல் பில்லுக்கு முன்பே ஆடிட்டரிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள். நண்பர்கள் வங்கிக் கணக்கில் பணம் வாங்கும் பழக்கம் வேண்டாம். எல்எல்பி என்ற வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மையோ சாதாரணக் கூட்டாண்மையோ பதிந்துகொள்ளுங்கள். கல்லூரியில் புதுத் தொழில்களுக்குக் கைகொடுக்கும் இன்குபேஷன் மையம் இருந்தால் முகவரியும் வழிகாட்டியும் அங்கே கிடைக்கும். தமிழ்நாட்டில் அரசின் ஸ்டார்ட்அப்டிஎன் அமைப்பு புதுத் தொழில்களுக்குத் தரும் டான்சீட் நிதியுதவிக்கும் விண்ணப்பிக்கலாம்.

வாடிக்கையாளர் என்ன சொல்லிக்கொள்ளலாம்

பில் கட்டிய மறுநாளே மார்க்கெட்டிங் ஆள் கேட்பார்: "அப்போ நாங்க கார்பன் நியூட்ரல்னு போட்டுக்கலாமா?" வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் பசுமைப் பொய் விளம்பரங்களுக்கு எதிரான வழிகாட்டுதல்களை வெளியிட்டது; ஆதாரமில்லாமல் அப்படிப் போட முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில், ஆஃப்செட் வாங்கியதை வைத்து ஒரு பொருளை "கார்பன் நியூட்ரல்" என்று விற்பதற்கு 2026 செப்டம்பர் 27 முதல் தடை. திருப்பூர்க்காரர் டீ-ஷர்ட் டேகில் அதை அச்சடித்து அனுப்பினால் பையர்தான் மாட்டுவார். டச்சு விமான நிறுவனம் கேஎல்எம்மின் பசுமை விளம்பரங்கள் வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்துகின்றன என்று ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் 2024 மார்ச்சில் தீர்ப்பே கொடுத்திருக்கிறது.

பதிலுக்கு ஒரு வாக்கியத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள்: "2024-25 நிதியாண்டில் எங்கள் ஸ்கோப் 1, 2 உமிழ்வு 116 டன், இதில் 40 டன்னுக்கு இணையாக இன்ன திட்டத்தின் கிரெடிட்களை வாங்கி ரிடையர் செய்திருக்கிறோம், வரிசை எண்கள் இவை." பளபளப்பு இல்லைதான். ஆனால் யார் வந்து கேட்டாலும் நிற்கும்.

விற்ற பிறகு

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, நீங்கள் வாங்கிக் கொடுத்த ஒவ்வொரு திட்டத்தின் நிலையையும் பதிவேட்டில் பாருங்கள். திட்டம் நிறுத்திவைக்கப்பட்டாலோ விசாரணைக்கு உள்ளானாலோ வாடிக்கையாளருக்கு முதலில் சொல்வது நீங்களாக இருக்க வேண்டும், செய்தித்தாளாக இருக்கக் கூடாது. அந்த நிலையில் மாற்று கிரெடிட் யார் செலவில் என்பதை ஒப்பந்தத்தில் முன்பே எழுதிவிடுங்கள். விற்பனையாளரிடமும் அதே நிபந்தனையைக் கேளுங்கள். தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

மாணவர் தொழிலுக்கே உரிய ஓட்டை ஒன்று உண்டு. இறுதியாண்டு முடிந்ததும் குழு கலைந்துவிடும். வாடிக்கையாளரின் ரிடையர்மென்ட் பதிவோ பதிவேட்டில் அப்படியே நிற்கும். மூன்று ஆண்டு கழித்து அவருடைய பையரின் தணிக்கையாளர் "இந்த 116 எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டும். ஆகவே விற்பனையாளர் தளம், வாடிக்கையாளர் கடிதப் போக்குவரத்து எதற்கும் சொந்த மின்னஞ்சலைக் கொடுக்காதீர்கள். தொழிலின் பெயரில் ஒரு பொது முகவரி வைத்துக்கொள்ளுங்கள். பில் நகல்கள், மெக்கானிக் குறிப்பு, கணக்குத் தாள், திட்டத்தைப் பற்றிய இரண்டு பக்கக் குறிப்பு, ரிடையர்மென்ட் பக்கத்தின் இணைப்பு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கட்டி, ஒரு பிரதியை வாடிக்கையாளரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரையாவது எப்போதும் குழுவில் வைத்திருங்கள். கடைசிப் பருவத் தேர்வுக்கு முன்பே கடவுச்சொற்களை அவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.